நூறு கிலோவுக்குக் கீழே

"எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதே. அப்படி ஏதாவது பண்ணினே, அப்புறம் நீ என் கையால ஒரு வாய் டீ குடிக்க முடியாது" என்றாள் சித்தி. அந்த நிபந்தனையை மீறாமல் எழுத முயல்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. பாவப்படுவது எனக்குச் சுலபமாக வரும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். சட்டை தைக்கும் ஆலை ஒன்றின் வாசலில் இருபத்தோரு வருடமாகக் காவல் வேலை. ஆலையில் அறுநூறு பெண்கள். வேலை முடிந்து வெளியே போகும்போது ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். துணி, பித்தான், நூல்கண்டு எதுவும் இடுப்பில் போய்விடக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் திரை போட்ட சின்னத் தடுப்பு. அதற்குள் ஒருத்தி வந்து நின்றதும் சித்தி "கை வைக்கறேன்" என்பாள். அவள் தலையாட்டிய பிறகுதான் கை நகரும். இது ஆலையின் விதி இல்லை. மற்ற காவல்காரிகள் யாரும் இப்படிச் செய்வதில்லை.

ஒருமுறை புதிதாக வந்த மேலாளர் கையில் கடிகாரத்தோடு வரிசையின் ஓரமாக நின்றார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு செகண்டு வீணாகுதும்மா. அறுநூறு ஆளுக்குக் கணக்குப் போடுங்க."

"போட்டேன் சார். இருபது நிமிஷம். நீங்க ஒரு தடவை உள்ள வந்து நில்லுங்க, நான் சொல்லாம கை வைக்கறேன். எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

வரிசை முழுக்கச் சிரிப்பு. மேலாளர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவர்தான், அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. இந்தக் கதையைச் சித்தி வீட்டில் நடித்துக் காட்டும்போதெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன். அந்த இரண்டு விநாடிப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆலையில் அவள் பெயர் தூண். அந்த உருவத்துக்கு வைத்த பெயர். லாரி ஓட்டுநர்கள்கூட, "தூணக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி போகட்டும்" என்பார்கள். சித்திக்கு அதில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் வலது முழங்கால் தேய்ந்துபோனது. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் கட்டிலில் ஏறவே இரண்டு பேர் வேண்டும். எலும்பு மருத்துவர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்ற வேண்டும், ஆனால் இந்த எடையில் செய்ய முடியாது என்றார். அப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. தொண்ணூற்றைந்துக்கு வரச் சொன்னார். ஆலையோ, நிற்க முடியாவிட்டால் பொட்டலம் கட்டும் அறைக்கு மாற்றுகிறோம், உட்கார்ந்து பெட்டி எண்ணலாம் என்றது.

"பெட்டி எண்றதுக்கா இத்தனை வருஷம் நின்னேன்?" என்றாள் சித்தி. "என் இடத்துல வேற ஒருத்திய நிறுத்துவாங்க. அவ சொல்லாம கொள்ளாம அந்தப் பிள்ளைங்க மேல கை வைப்பா. அதுக்கு நான் நொண்டிட்டே நிக்கறேன்."

அதே மருத்துவமனையில் எடை குறைக்கும் பிரிவு ஒன்று இருந்தது. சேர்வதற்கு ஒரு படிவம், நாற்பது கேள்வி, முழுக்க ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எந்தப் படிவம் வந்தாலும் என் மடிக்குத்தான் வரும். அதற்காக வீட்டில் எனக்கு ஆபீசர் என்று பெயர். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, சித்தி பதில் சொல்ல, அரைமணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்தோம்.

முதல் தடவை ஐந்து மாதத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தாள். எடை பார்க்கும் அறையில் செவிலியர்கள் கை தட்டினார்களாம். இரண்டே மாதத்தில் மறுபடி நூற்றுப் பதின்மூன்று. அடுத்த வருடம் திரும்பத் தொடங்கினாள். தொண்ணூற்றெட்டரை வரை போய், அங்கிருந்து நூற்றுப் பதினைந்து. உணவு ஆலோசகர் அம்மாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்ட முடியலைன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார். சிகிச்சை அட்டையில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார்.

வீட்டிலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அம்மா பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் கணினியில் சித்தியின் எடைக்கு வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போட்டு, மேலே 'மன உறுதி' என்று எழுதி, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கலர் நல்லா இருக்கு" என்றாள்.

அந்த வரைபடத்தில் கோடு இரண்டு முறையும் ஒரே இடத்தில் திரும்பியிருந்தது. நூறுக்குச் சற்றுக் கீழே. எனக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. உடல் தன் எடையைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும் என்றெல்லாம் கட்டுரைகள் படித்தேன். சித்தியிடம் கேட்டேன்.

"நூறுக்குக் கீழ போனா எனக்குக் குளிருதுடி" என்றாள்.

கொழுப்பு குறைந்தால் குளிரத்தானே செய்யும் என்று அடுத்த வாரமே ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். சித்தி அதைப் போட்டுக்கொண்டாள். பதினாறு வருடம் படித்த மூளைக்கு அன்று எட்டியது அவ்வளவுதான்.

பிறகு கடிதம் வந்தது. இரண்டு முறை இலக்கைத் தவறவிட்டதால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் பெயர் நீக்கப்படும். பெயர் போனால் மூட்டு அறுவைச் சிகிச்சை இல்லை. மூட்டு இல்லையென்றால் வாசல் இல்லை. நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

முதலில் அளவு எடுக்க வேண்டும் என்றார்கள். வழக்கமாக எடுக்கும் செவிலி அன்று வரவில்லை. ஓர் இளைஞர் இருந்தார். சித்தி எடை மேடையிலிருந்து இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பின்பக்கமாக வந்து ஒரு வார்த்தை இல்லாமல் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டார்.

சித்தி கத்தவில்லை. திரும்பாமலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடா கீழே விழுந்தது.

"சொல்லிட்டுத் தொடணும் தம்பி."

"அளவு எடுக்கத்தானேம்மா?"

"அளவு எடுக்கத்தான். அதைச் சொல்லிட்டு எடு."

"கையை விடுங்கம்மா, வலிக்குது."

"சொல்லு, விடறேன்."

"சரிம்மா. அளவு எடுக்கப் போறேன்."

"எடு" என்று கையை விட்டாள். அவர் எடுக்கவில்லை. நேராக மருத்துவரிடம் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். "விடுங்க சித்தி, அந்தப் பையன் வேணும்னு பண்ணல" என்றேன். சித்தியின் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் குளிர்சாதனம் இருந்தது.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரிவின் மருத்துவர், உணவு ஆலோசகர், மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த மனநல ஆலோசகர் ஒரு பெண்மணி. மருத்துவர்தான் தொடங்கினார்.

"இங்க யாரும் உங்களை ஒண்ணும் பண்ணிடலம்மா."

"பண்ணலன்னு எனக்கும் தெரியும் டாக்டர். சொல்லலன்னுதான் சொல்றேன்."

மனநல ஆலோசகர் அதற்குள் கோப்பைத் திறந்து சித்தியின் பழைய படிவத்தை எடுத்திருந்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இருபத்தேழாவது கேள்விக்கு இல்லைன்னு இருக்கு. இதை உங்ககிட்டக் கேட்டாங்களா?" என்று சித்தியிடம் கேட்டார். தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

என் பேனா. என் கோடு. கட்டத்துக்கு வெளியே துளி போகாமல் அழகாக இருந்தது.

எனக்கு உடனே நினைவு வந்தது. உங்கள் விருப்பத்துக்கு மாறாக எப்போதாவது யாராவது உங்களைப் பாலியல் ரீதியாகத் தொட்டதோ வற்புறுத்தியதோ உண்டா. இதுதான் கேள்வி. நீரிழிவையும் மூச்சிரைப்பையும் தைராய்டையும் தமிழில் கேட்டுவிட்டேன். இதைச் சித்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் எங்கே நடந்திருக்கப் போகிறது என்றும் நினைத்தேன். இல்லை என்று போட்டுவிட்டு, இருபத்தெட்டாவது கேள்விக்குப் போய், எந்த மருந்தாவது ஒத்துக்காதா சித்தி என்று கேட்டேன்.

"அவ கேக்கல" என்றாள் சித்தி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "இருபத்தாறு வரைக்கும் என் மூஞ்சியப் பார்த்துக் கேட்டா. இதுல பேனா மட்டும் போச்சு. அடுத்ததுல மறுபடி என்னைப் பார்த்தா. இருபது வருஷமா அடுத்தவங்க கையைப் பார்க்கறதுதான் எனக்கு வேலை. இது தெரியாதா?"

"அப்பவே ஏன் நீங்க சொல்லல?" என்றேன்.

"தப்பிச்சேன்னு இருந்துச்சு."

மருத்துவர் நாற்காலியில் சற்று அசைந்தார். "ஏதோ பழைய விஷயம் இருக்கலாம்மா. வருத்தம்தான். ஆனா இது எடை குறைக்கற இடம்."

"அப்படின்னா உங்க தாள்ல எதுக்கு அந்தக் கேள்வி?"

உணவு ஆலோசகர் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"பத்தொம்பது வயசு. துணிக் கிடங்குல முதல் வேலை. கிடங்கு மேலாளர். இதுக்கு மேல சொல்ல மாட்டேன், இதுவே உங்களுக்குப் போதும்" என்றாள் சித்தி. ஆனால் நிறுத்தவில்லை. "அப்ப நான் நாப்பத்தெட்டு கிலோ. ஊதினா பறந்துடுவேன். அதுக்கப்புறம் தின்னேன். முதல்ல தெரியாம தின்னேன், அப்புறம் தெரிஞ்சே தின்னேன். ரெண்டு மூணு வருஷத்துல பஸ்ஸுல எந்த ஆம்பளையும் என் பக்கத்துல உக்காரல. எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. இப்ப நீங்க குறைக்கச் சொல்றீங்க. குறைக்கறேன். நூறுக்குக் கீழ போனா ஆலையில ஸ்டோர்காரர் சிலை மாதிரி ஆயிட்டேங்கறார். லாரிக்காரன் வண்டிய மெதுவா ஓட்டறான். நீங்க கை தட்டறீங்க. எல்லாரும் பார்க்கறீங்க. அன்னிக்கே என் கை தானா சாப்பாட்டுப் பக்கம் போயிடுது. நான் என்ன பசிக்கா தின்னேன்?"

உணவு ஆலோசகர் ஏதோ சொல்ல வந்தார். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்த உடம்பைத் திட்டாதீங்கம்மா. இது என்னைக் காப்பாத்தியிருக்கு. முழங்காலுக்காகத்தான் குறைக்கறேன், வெக்கப்பட்டு இல்ல. அந்த அட்டையில ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க. நான் ரெண்டு தடவை நூறுக்குக் கீழ இறக்கினவ."

மனநல ஆலோசகர் அவள் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். எல்லோருக்கும் இப்படித்தான் என்று இல்லை, ஆனால் இங்கே வருகிறவர்களில் இப்படி வருகிறவர்கள் குறைவும் இல்லை. எடை இறங்க இறங்கப் பழைய பயம் மேலே வரும். அதை அடக்க உடம்புக்குத் தெரிந்த வழி சாப்பாடு. அதை மன உறுதி இல்லை என்று எழுதுவது எங்கள் தவறு. இனி இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். நூறுக்கு வந்ததும் உடனே கீழே போக வேண்டாம். அங்கேயே கொஞ்ச நாள் இருந்து பழகலாம். அந்தப் பழைய கதை முழுவதையும் எனக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை.

"கை தட்டக் கூடாது" என்றாள் சித்தி.

"தட்ட மாட்டோம்."

"அளவு எடுக்கறப்ப?"

"கேட்டுட்டுத்தான் எடுப்பாங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்குமே."

மருத்துவர் அட்டையை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடுங்க டாக்டர். எங்க வாசல் ரிஜிஸ்தர்ல தேதி இல்லாம எதையும் அடிக்க விடமாட்டோம்."

மருத்துவர் தேதி போட்டார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் சித்தி, பக்கத்தில் நான். மன்னித்துவிடுங்கள் என்று எப்படித் தொடங்குவது என்று நாலு நிறுத்தம் வரை யோசித்தேன்.

"அந்தக் கேள்வி தமிழ்ல வரல சித்தி."

"இப்ப வருதா?"

"இங்கயா?"

"வண்டி சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது? கேளு."

கேட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினேன். உங்க இஷ்டம் இல்லாம யாராவது உங்களை, என்பது வரை வந்து நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடித்தேன்.

"ஆமா" என்றாள் சித்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. கொஞ்சம் கழித்து, "நாப்பது கேள்வியில ஒண்ணுதான் தப்பு. பாஸ் பண்ணிட்டே போ" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. இதை எழுதும்போது யோசிக்கிறேன், அன்று அழ வேண்டியது நானா? அவள் மடியில் கிடந்த பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து எனக்குக் கொடுக்கும்படி ஆகிவிட்டதே.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சித்தி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "அக்கா, சொல்லிட்டேன்" என்றாள்.

எதை என்று அம்மா கேட்கவில்லை. "யார்கிட்ட?" என்றுதான் கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று.

"டாக்டருங்ககிட்ட. இவளும் இருந்தா."

"இத்தனை வருஷம் மூடி வச்சதை இப்ப எதுக்குடி திறக்கறே?"

"மூடினது நீ. தூக்கிட்டு அலைஞ்சது நான். பாரு, எவ்வளவு கனம்னு."

அம்மா கையிலிருந்த சட்டையை மடிக்காமலே கீழே வைத்தாள். "எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. யாருகிட்டப் போய்ச் சொல்றது? வெளியே தெரிஞ்சா உன்னைத்தானே பேசுவாங்கன்னு..."

"தெரியும்க்கா. அதுக்காகச் சண்டை போட வரல. அந்த பிஸ்கட் டப்பாவைப் பூட்டாதே. பூட்டினா அதைத் தவிர வேற நினைப்பே வரமாட்டேங்குது."

அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். சித்தி இரண்டு எடுத்துக்கொண்டு எனக்கு ஒன்று கொடுத்தாள். அம்மா அன்று முழுவதும் சித்தியின் பக்கத்திலேயே ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தாள்.

குளிர்பெட்டியின் கதவில் இருந்த வரைபடத்தை நானே கிழித்தேன்.

மூன்றாவது முறை எல்லாமே மெதுவாக நடந்தது. நூற்றொன்றுக்கு வந்து பத்து வாரம் அங்கேயே இருந்தாள். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரோடு ஒரு மணி நேரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நூறுக்குக் கீழே போன வாரம், ஸ்டோர்காரர் வாசலில் நின்று அதே சிலைப் பேச்சை எடுத்தார். சித்தி வரிசைக்குக் கேட்கும்படி பதில் சொன்னாளாம்.

"ஸ்டோர் சார், நூல்கண்டு குறைஞ்சா நான் உங்ககிட்டப் பேசறேன். நான் குறைஞ்சா நீங்க எங்கிட்டப் பேசாதீங்க."

அவ்வளவு சொல்லியும் அந்த வாரம் ஒன்றரை கிலோ ஏறியது. முன்பென்றால் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்திருப்பாள். இம்முறை எடை மேடையில் ஏறுவதற்கு முன்பே, "இந்த வாரம் பயந்துட்டேன், ஏறியிருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அடுத்த மாதம் இறங்கியது. பிறகு கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கியது. பதினான்கு மாதம் கழித்துத் தொண்ணூற்றாறரையில் வந்து நின்றது.

எலும்பு மருத்துவரிடம் போய், "இதுக்குக் கீழ இப்போதைக்கு வராது டாக்டர். பண்ணுவீங்களா மாட்டீங்களான்னு சொல்லிடுங்க" என்றாள். அவர் பழைய தாள்களை எல்லாம் பார்த்துவிட்டுத் தேதி கொடுத்தார்.

அறுவைச் சிகிச்சையன்று காலை, சக்கரம் வைத்த கட்டிலில் பச்சை அங்கியோடு சித்தி படுத்திருந்தாள். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலைத் தள்ள இரண்டு பேர் வந்ததும், சித்தி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க."

எலும்பு மருத்துவர் தலையில் தொப்பியோடு வந்தார். "என்னம்மா, பயமா?"

"மயக்கம் கொடுத்தப்புறம் அந்த ரூம்ல எத்தனை பேர் இருப்பீங்க?"

அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "என்னைச் சேர்த்து ஏழு பேர்."

"ஏழு பேரையும் நான் பார்க்கணும். மூஞ்சியக் காட்டிட்டு, நீங்க யாரு, என்ன பண்ணுவீங்கன்னு சொல்லிட்டுப் போகட்டும். அப்புறம் மயக்கம் கொடுங்க."

"அது வழக்கம் இல்லையேம்மா."

"எனக்கும் மூட்டு மாத்தறது வழக்கம் இல்ல."

அம்மா, "விடேன்டி, நேரமாகுது அவங்களுக்கு" என்று தொடங்கினாள். பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். மருத்துவரைப் பார்த்து, "வரச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். முகமூடியைக் கீழே இறக்கிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். நான் மயக்க மருந்து கொடுக்கறவ. நான் அவங்களுக்கு உதவி. நான் கருவி எடுத்துக் கொடுப்பேன். நான் டாக்டருக்கு எதிர்ப்பக்கம் நின்னு காலைப் பிடிச்சுக்குவேன். கடைசியாக வந்த இளம்பெண், "நான் வெளியேருந்து பொருள் கொண்டுவந்து கொடுப்பேன்க்கா, உங்களைத் தொடவே மாட்டேன்" என்றாள். சித்தி ஒவ்வொருவரையும் ஆலை வாசலில் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்து, தலையாட்டி அனுப்பினாள்.

"முடிஞ்சதும்மா. போகலாமா?" என்றார் மருத்துவர்.

"உங்களோட சேர்த்து ஆறுதான் ஆச்சு."

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். "எக்ஸ்ரேக்காரர் மட்டும் வரல. கீழ டீ குடிக்கப் போயிருக்கார். அவர் ரெண்டு நிமிஷம்தான் உள்ள இருப்பார்மா."

"குடிச்சிட்டு வரட்டும். எனக்கு அவசரம் இல்ல."

கட்டிலைத் தள்ள வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்கள். அம்மா சித்தியின் போர்வையைச் சரிசெய்தாள். தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ படியேறி வேகமாக வரும் சத்தம் கேட்டது.